கனடாவில் ஊர்ப் பட்டத்துக்கு உரிய வேலை: எங்கே சறுக்குகிறது

வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் 'வெஸ்' நிறுவனத்தின் அறிக்கை கைக்கு வந்ததும் பாதிக் கவலை தீர்ந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 'கனடாவின் இளங்கலைப் பட்டத்துக்கு இணையானது' என்று அதில் போட்டிருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரி குடிவரவுத் துறைக்காக எழுதப்பட்டது. புள்ளி பார்த்துக் குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் உங்கள் படிப்புக்கு எத்தனை புள்ளி என்று கணக்கிடத்தான் அது முக்கியமாகப் பயன்படும், அதுவும் 5 ஆண்டுகளுக்கு. டொரண்டோவில் ஒரு மருத்துவமனை அதை வைத்து உங்களை நர்ஸாகச் சேர்த்துக்கொள்ள முடியாது.

பட்டத்தை மதிப்பிடுவது ஒரு வரிசை, தொழில் உரிமம் இன்னொரு வரிசை. முதல் வரிசை முடிந்த பிறகுதான் இரண்டாவதில் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டாவது வரிசைக்குத் தேவையான காகிதங்கள் எல்லாம் ஊரில்தான் கிடக்கின்றன. தரையிறங்கிய பிறகு அவற்றைத் தேடத் தொடங்கினால், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு உறவினரை விடுப்பு எடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

உரிமம் வேண்டுமா என்று பார்க்காமலே ஓடுவது

கனடாவில் எல்லா வேலைக்கும் லைசென்ஸ் தேவையில்லை. மென்பொருள், மனிதவளம், விற்பனை, சரக்குப் போக்குவரத்து, பெரும்பாலான கணக்குப் பிரிவு வேலைகள் ஆகியவற்றில் முதலாளி சம்மதித்தால் போதும். நர்ஸ், மருந்தாளர், மருத்துவர், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்றோர் உரிமம் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே முடியாது. உரிமம் கொடுப்பது மத்திய அரசு அல்ல, ஒவ்வொரு மாகாணத்திலும் உள்ள ஒழுங்கு அமைப்பு. ஒன்டாரியோவில் நர்ஸுக்கு 'காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோ', ஆசிரியருக்கு 'ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸ்'. பெயரில் 'காலேஜ்' இருப்பதைப் பார்த்து அங்கே சேர்ந்து படிக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டணம் விசாரித்தவர்கள் உண்டு. அவை படிக்கும் இடங்கள் அல்ல, நம்மூர் நர்சிங் கவுன்சில் மாதிரி.

பொறியாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள், அதனால் அதிகம் குழம்புகிறவர்களும் அவர்கள்தான். ஒன்டாரியோவில் 'பி.எங்' (புரொஃபஷனல் இன்ஜினியர்) உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால், உரிமம் இல்லாதவரும் அவர் கீழ் பொறியியல் வேலை செய்யலாம். வரைபடத்தில் முத்திரை குத்தக் கூடாது, தன்னை 'புரொஃபஷனல் இன்ஜினியர்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். இது தெரியாமல், உரிமம் வந்த பிறகு வேலை தேடலாம் என்று ஒன்றரை, இரண்டு வருடம் காத்திருப்பது வீண். வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பிப்பதுதான் நடைமுறை. ஒன்டாரியோவின் பொறியாளர் அமைப்பு 12 மாதக் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2023 மே மாதத்திலேயே எடுத்துவிட்டது. பழைய யூடியூப் வீடியோக்களில் இன்னும் அந்த விதி உலவிக்கொண்டிருக்கிறது.

எந்த மாகாணம் என்று முடிவு செய்யாமல் விண்ணப்பிப்பது இதோடு ஒட்டிய தவறு. மாமா டொரண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறார் என்பதற்காக ஒன்டாரியோவில் பதிந்துவிட்டு, வேலை ஆல்பர்ட்டாவில் கிடைத்தால் அங்கே வேறு அமைப்பு, வேறு படிவம், வேறு கட்டணம். ஒரு மாகாணத்தில் முழு உரிமம் பெற்றுவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றுவது சுலபம், உள்நாட்டு வணிக ஒப்பந்தம் அதற்கு வழி செய்கிறது. பாதி விண்ணப்பத்தை அப்படி மாற்ற முடியாது.

பெயர்

தமிழருக்கென்றே உள்ள சிக்கல் இது. மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திகேயன் எஸ்' என்று இருக்கும். பட்டச் சான்றில் 'எஸ். கார்த்திகேயன்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் 'சண்முகம்', சொந்தப் பெயர் 'கார்த்திகேயன்'. அனுபவக் கடிதத்தில் 'கார்த்திக் சண்முகம்'. நமக்கு இது ஒரே ஆள். சான்றிதழ் சரிபார்க்கும் எழுத்தருக்கோ நான்கு பேர். இலங்கைச் சான்றுகளில் தந்தை பெயர் முன்னால் வருவதால் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது: பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொரு காகிதத்திலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாறுபடும் எல்லா வடிவத்தையும் குறிப்பிட்டு, இவை அனைத்தும் ஒரே நபரைக் குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வடிவத்தை மட்டும் எழுதிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், முழுப் பெயரையும் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு மற்ற கட்டத்தைக் காலியாக விடுமாறு கனடிய படிவம் சொல்கிறது. பிறகு வங்கியில், வேலை விண்ணப்பத்தில், தேர்வு மையத்தில் அந்தக் காலிக் கட்டம் துரத்தும். குடியேற்ற விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் புதுப்பித்துக்கொள்வது மேல்.

உறையும் பாடத்திட்டமும்

டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் மொத்த மதிப்பெண் பதிவு) பல்கலைக்கழகத்திலிருந்து நேராக மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும், மின்வழியாகவோ முத்திரையிட்ட உறையிலோ. உறையை உங்களிடம் கொடுத்து அனுப்பச் சொன்னால் பிரிக்கவே கூடாது. உள்ளே சரியாக இருக்கிறதா என்று ஆவலில் பிரித்துப் பார்த்தால், திரும்பவும் கட்டணம், திரும்பவும் வரிசை. வெஸ் கொடுத்த எண் உறையின் மேல் இருக்க வேண்டும். அது இல்லாத உறை யாருடைய கோப்பில் சேர வேண்டும் என்று தெரியாமல் கிடக்கும்.

டிரான்ஸ்கிரிப்ட் வெஸ்ஸுக்கு ஒன்று, உரிம அமைப்புக்கு ஒன்று, பின்னால் படிக்க நினைத்தால் கல்லூரிக்கு ஒன்று. ஒரே தடவையில் எல்லா முகவரிக்கும் சேர்த்து விண்ணப்பித்தால் அலைச்சல் ஒன்றுதான். தற்காலிகச் சான்றிதழோடு காலம் தள்ளி, பட்டமளிப்பு விழாவுக்கு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் முதலில் பட்டச் சான்றை வாங்குங்கள்.

உரிம அமைப்புகள் பெரும்பாலும் பாடத்திட்டத்தையும் கேட்கும். இங்கேதான் பெரிய சறுக்கல். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2008, 2013, 2017, 2021 என்று ரெகுலேஷன் (பாடத்திட்ட விதி) மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2014இல் சேர்ந்தவர் படித்தது 2013 ரெகுலேஷன். இணையதளத்தில் கண்ணில் பட்ட புதிய பாடத்திட்டத்தை இறக்கி அனுப்பினால், மதிப்பெண் பட்டியலில் உள்ள பாடக் குறியீடும் அதுவும் பொருந்தாது. முதல் செமஸ்டர் கணிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2013 ரெகுலேஷனில் அது எம்ஏ6151, 2017இல் எம்ஏ8151. மதிப்பீட்டாளர் குறியீட்டை வைத்துத்தான் பாடத்தைத் தேடுகிறார். கிடைக்காத பாடத்தைப் படிக்காத பாடமாகக் கணக்கெடுத்து, அதற்கு ஒரு தேர்வு எழுதச் சொல்லலாம். மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறியீடு குறியீடாகப் பாடத்திட்டப் பக்கங்களைக் கோத்து, பல்கலைக்கழக முத்திரை வாங்கி அனுப்புங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும், போகட்டும்.

போரிலும் இடப்பெயர்விலும் காகிதம் தொலைந்தவர்கள் அதனாலேயே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு நியாய அணுகல் சட்டப்படி, விண்ணப்பதாரரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் ஆவணம் கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் எதை ஏற்போம் என்று ஒழுங்கு அமைப்பு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டு எழுதுங்கள்.

அனுபவக் கடிதம்

நம்மூர் ரிலீவிங் லெட்டரில் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, 'நடத்தை நன்று' என்று நான்கு வரி இருக்கும். கனடாவுக்கு அது போதாது. என்ன வேலை செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் என்ன என்பதெல்லாம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையொப்பமிட்டவரின் பதவி, தொடர்பு விவரத்தோடு வர வேண்டும். வேலைப் பட்டியலைக் கனடாவின் என்.ஓ.சி. குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நமக்கு என்.ஓ.சி. என்றால் 'ஆட்சேபணை இல்லை' சான்று, அங்கே அது தேசியத் தொழில் வகைப்பாடு. அதிலுள்ள வரிகளை அப்படியே நகலெடுத்துக் கடிதமாக்குவதும் தவறு. சந்தேகம் வரும். செய்த வேலையை உங்கள் சொற்களில், அதே பொருள் வரும்படி எழுதி வாங்குங்கள்.

பொறியாளர் உரிமத்துக்கு 48 மாத அனுபவம் கேட்கிறார்கள். அதை உறுதிப்படுத்த, உங்கள் வேலையை நேரில் அறிந்த ஆட்கள் வேண்டும். பழைய மேலாளரின் அலுவலக மின்னஞ்சல் அவர் வேலை மாறியதும் செத்துவிடும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் அவருடைய தனி மின்னஞ்சலை வாங்கி, இப்படி ஒரு விசாரணை வரும் என்று சொல்லி வையுங்கள்.

தவறான மொழித் தேர்வு

எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதினால் அது ஜெனரலாக இருக்க வேண்டும். நர்ஸ்களுக்குச் சில உரிம அமைப்புகள் கேட்பது அகாடமிக் அல்லது நர்ஸ்களுக்கென்றே உள்ள செல்பான். ஜெனரலில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, அது உரிமத்துக்குச் செல்லாது என்று பிறகு அறிகிறார்கள். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்கு 2 ஆண்டு ஆயுள்தான் என்பதால் எதை எப்போது எழுதுவது என்பதையும் யோசிக்க வேண்டும்.

உரிமத் தேர்விலும் இதே கதை. நர்ஸ்களிடம் ஒன்டாரியோ 2015 முதல் கேட்பது என்க்ளெக்ஸ்-ஆர்என். அமெரிக்காவின் அதே தேர்வு, சென்னையிலும் மையம் இருக்கிறது. ஒழுங்கு அமைப்பிடம் விண்ணப்பித்துத் தகுதி பெற்றுவிட்டால் ஊரிலிருந்தே எழுதிவிட்டு வரலாம். வந்த பிறகு, இரவு ஷிஃப்டுக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் நடுவில் படிப்பது வேறு கதை.

கிடைத்த வேலையிலேயே தங்கிவிடுவது

'முதலில் ஃபேக்டரியிலோ வேர்ஹவுஸிலோ ஏறு, பிறகு பார்க்கலாம்' என்று வரவேற்கப் போகும் எல்லா உறவினரும் சொல்வார்கள். வாடகை கட்ட வேண்டும், தவறில்லை. ஆனால் நர்ஸ், மருந்தாளர் போன்றோருக்கு அண்மைக்காலத்தில் தொழில் செய்தார்களா என்ற கேள்வி உண்டு. வேர்ஹவுஸில் கழியும் ஒவ்வொரு வருடமும் அந்தக் கணக்கில் கழிகிறது. பிழைப்புக்கான வேலையையும் தொழிலுக்குப் பக்கத்திலேயே தேடுங்கள். நர்ஸுக்கு முதியோர் பராமரிப்பு உதவியாளர், மருந்தாளருக்கு ஃபார்மசி அசிஸ்டென்ட், ஆசிரியருக்குக் கல்வி உதவியாளர், சிவில் பொறியாளருக்கு ஆட்டோகேட் வரைவாளர் அல்லது தளப் பரிசோதகர். சம்பளம் கொஞ்சம் குறையலாம். ஆனால் கனடியத் தொழில் மொழியும் நாளைக்குப் பரிந்துரைக்கும் ஆளும் அங்கேதான் கிடைப்பார்கள்.

மருத்துவர்களுக்கு வழி நீளமானது. கனடா மருத்துவக் கவுன்சிலின் முதல் பகுதித் தேர்வு, என்ஏசி என்னும் செய்முறைத் தேர்வு, பிறகு இடம் ஒதுக்கும் அமைப்பான கார்ம்ஸ் வழியே ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) இடம். கவுன்சிலின் இரண்டாம் பகுதித் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பணம் கட்டச் சொல்லும் பயிற்சி மையத்தை நம்பாதீர்கள்.

ரெஸ்யூமே

புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், கடைசியில் 'மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற வரி: எல்லாவற்றையும் எடுங்கள். 2 பக்கம் போதும். ஊரில் பெயர் சொன்னாலே தெரியும் நிறுவனம் அங்கே யாருக்கும் தெரியாது, எனவே அது என்ன செய்கிறது என்று அரை வரி சேருங்கள். 'தள மேற்பார்வை செய்தேன்' என்றால் ஒன்றும் விளங்காது. 'அடித்தளம் முதல் கூரை வரை 9 மாடிக் குடியிருப்பு, 3 ஒப்பந்தக்காரர்கள், 60 தொழிலாளர், வாராந்திரக் கான்கிரீட் சோதனை என் பொறுப்பு' என்றால் விளங்கும். இந்தியாவின் கான்கிரீட் விதியான ஐஎஸ் 456 மட்டும் தெரிந்தவர் கனடாவின் கான்கிரீட் விதியான சிஎஸ்ஏ ஏ23.3ஐப் படித்து, அதை ஒரு வரியில் காட்டினால் நேர்காணலில் பேச்சே மாறும்.

'கனடிய அனுபவம் வேண்டும்' என்று விளம்பரத்தில் போடுவதை 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒன்டாரியோ நிறுவனங்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் சட்டம் தடுக்கிறது. மனதில் இருப்பதைச் சட்டம் தடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

திரும்பவும் முதலிலிருந்து படிப்பது

அவசரப்பட்டு 2 வருட டிப்ளமோவில் சேருவதற்கு முன், உங்கள் தொழிலுக்குப் பிரிட்ஜிங் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் படிப்பில் குறைகிற பகுதியை மட்டும் அது நிரப்பும். தேர்வுக் கட்டணம், படிப்புச் செலவுக்கு விண்ட்மில் மைக்ரோலெண்டிங் போன்ற அமைப்பு 15,000 டாலர் வரை கடன் தருகிறது, கனடாவில் கடன் வரலாறு இல்லாத புதியவர்களுக்கும். கிரெடிட் கார்டில் இழுத்து 20 சதவீத வட்டி கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

உரிம அமைப்பு மறுத்தாலோ கூடுதல் படிப்புக் கேட்டாலோ, அந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிடாதீர்கள். ஒன்டாரியோவில் அவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், உங்கள் கோப்பைக் கேட்டால் காட்ட வேண்டும், உள் மறுஆய்வுக்கும் வழி தர வேண்டும். முதலில் கோப்பை வாங்கி, எந்தப் பாடத்தை இல்லை என்று குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல சமயம் அது படிக்காத பாடமாக இருக்காது, குறியீடு பொருந்தாமல் போன பாடமாகத்தான் இருக்கும். மறுஆய்வுக்குக் கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும். அதை முதலில் காலண்டரில் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள்.