கப்பல் அடிப்பிளக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன டிரை டாக்கில் (கப்பலை நிறுத்தி, தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பகுதியில் வேலை பார்க்கும் தொட்டி) ஒரு ஜூனியர், பிளக்கை முறுக்கிய கையோடு சிமெண்ட் குழைக்கப் போனார். நான் முதல் டாக்கில் செய்ததும் அதேதான், அதனால்தான் இதை எழுதுகிறேன். பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் கப்பலின் டேங்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதை வடிக்கத்தான் கப்பலின் அடித்தகட்டில் இந்தப் பிளக்குகள்.

சோதிக்காமல் சிமெண்ட் பூசுவது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். சிமெண்ட் கசிவை அடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள், அடைக்காது. அது பிளக்கின் தலையை அரிப்பிலிருந்தும் உரசலிலிருந்தும் காக்கும் மூடி, அவ்வளவுதான். தண்ணீரை நிறுத்துவது த்ரெட்டும் வாஷரும். அன்று நான் பழைய வாஷரையே போட்டு, நன்றாக இறுகிவிட்டது என்று நினைத்துப் பூசிவிட்டேன். டாக்கில் தண்ணீர் ஏறிய பிறகு சவுண்டிங் (டேங்கில் திரவம் எவ்வளவு நிற்கிறது என்ற அளவு) எடுத்தால், காலியாக இருக்க வேண்டிய டேங்கில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. நல்லவேளை, கப்பல் இன்னும் தன்னைத் தாங்கும் பிளாக் கட்டைகளை விட்டு எழவில்லை. தண்ணீரை மறுபடி இறைத்து, சிமெண்டை உளியால் கொத்தி எடுத்து, புது வாஷர் போடுவதற்குள் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. வெளியே போன பிறகு தெரிந்திருந்தால்? 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தும் கடலுக்கு எதிராக அந்தப் பழைய வாஷர் எத்தனை நாள் தாங்கும்?

முதலில் வேக்குவம் பாக்ஸ், அதாவது உள்ளே பார்க்கக்கூடிய, காற்றை உறிஞ்சிக் கசிவைக் காட்டும் பெட்டி. பிளக்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் பூசி, பாக்ஸை வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். குமிழி வந்தால் பிளக்கைக் கழற்றித் த்ரெட்டைப் பாருங்கள். குமிழி இல்லை என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் சிமெண்ட்.

டேங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் திறப்பது

எண்ணெய் டேங்க் என்றால் டாக் முழுக்க எண்ணெய். திறக்கும் முன் டாக்கிங் பிளானையும் (எந்தப் பிளக் எந்த டேங்குக்கு என்று காட்டும் வரைபடம்) சவுண்டிங்கையும் பாருங்கள்.

பிளக்குகளைக் கலந்து வைப்பது

கழற்றியதும் டேங்க் பெயர் எழுதிய டேக் கட்டி, சீஃப் ஆபீசர் கையில் கொடுங்கள். ஒன்றின் த்ரெட் இன்னொன்றில் சரியாக உட்காராமல் போகலாம், அப்புறம் பலவந்தமாக முறுக்கித் துளையின் த்ரெட்டையே கெடுத்துவிடுவோம்.

எண்ணாமல் தண்ணீர் விடுவது

கழற்றியது எத்தனை, மாட்டியது எத்தனை? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலின் அடியில் நடந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், வேறு யாரோ பார்த்துவிட்டதாகச் சொன்னாலும் சரி.