கார் வாங்கும் முன் வரியைக் கிலோமீட்டருக்குப் பிரித்துப் பார்ப்பது எப்படி

திருச்சியில் ஒரு கார் ஷோரூமில் 11 வருஷம் பில்லிங் மேசையில் உட்கார்ந்திருந்தேன். கொட்டேஷன் தாளைக் கையில் வாங்குகிற எல்லாருடைய கண்ணும் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகும். ஆன்ரோடு எவ்வளவு, அவ்வளவுதான். மேலே இருக்கிற வரிகளை யாரும் பார்ப்பதில்லை. எழுத்து வரி, கட்டும் வரி, நான் சொல்வது இரண்டையும்தான்.

போன மாதம் என் தம்பி இரண்டாவது கார் வாங்கப் போவதாக ஒரு கொட்டேஷனோடு வந்தான். சின்ன பெட்ரோல் கார், எக்ஸ்-ஷோரூம் (லைஃப் டாக்ஸ், இன்சூரன்ஸ் சேர்க்கும் முன் உள்ள விலை) 9,90,000 ரூபாய். அதை வைத்தே கணக்கைச் சொல்கிறேன். உங்கள் தொகையைப் போட்டு நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

ஒரு நோட்டில் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘ஒரே தடவை’, வலப்பக்கம் ‘ஓட்ட ஓட்ட’ என்று எழுதுங்கள். கார் மேல் விழும் வரி எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான்.

இடப்பக்கத்தில் முதலில் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் (டீசல் என்றால் 1500) இருந்தால்தான் சின்னக் கார். எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இந்த வரி அடங்கியிருப்பதால், 9,90,000இல் 18 சதவீதம் என்று நேராகப் போட்டால் தப்பாகிவிடும். 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும். வருவது 1,51,017.

அடுத்தது லைஃப் டாக்ஸ், மாநில அரசுக்குப் போவது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஏற்றியபோது வந்த விகிதம் இது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஜிஎஸ்டி சேர்ந்த விலைக்குத்தான் இதைப் போடுவார்கள், வரிக்கும் வரி. தம்பி காருக்கு 1,28,700.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, எத்தனையோ பேர் அதில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். சன்ரூஃப் வைத்த அடுத்த வேரியன்ட் 20,000தான் அதிகம் என்பார் சேல்ஸ் பையன். விலை 10,10,000 ஆகிவிடும். 10 லட்சத்தைத் தாண்டிய 10,000க்கு மட்டும் 18 சதவீதம் என்று நினைக்காதீர்கள், முழுத் தொகைக்கும் 18தான். 1,81,800. 20,000 ரூபாய் சன்ரூஃபுக்கு 53,100 ரூபாய் கூடுதல் வரி! 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று 1 சதவீதமும் பிடிப்பார்கள். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் சேர்ந்துவிடும், ரிட்டர்ன் போடும்போது மறக்காமல் கேளுங்கள். பாதிப் பேர் கேட்பதே இல்லை.

தம்பி நோட்டின் இடப்பக்கக் கூட்டல் 2,79,717. (40 சதவீதக் கார் பார்ப்பவர்களுக்கு: அடிப்படை விலை 10 லட்சம் என்றால் ஜிஎஸ்டி 4 லட்சம், 14 லட்சத்துக்கு லைஃப் டாக்ஸ் 2,52,000. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.)

இனி வலப்பக்கம். இங்கே எழுத வேண்டியது பெட்ரோல் மட்டும்தான். பெட்ரோல், டீசல் இரண்டும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரியும் மாநிலத்தின் வாட் வரியும் தனித்தனியாக விழுகின்றன. 2025 ஏப்ரல் கணக்குப்படி பெட்ரோலுக்குக் கலால் லிட்டருக்கு 21.90. தமிழ்நாட்டு வாட் 13 சதவீதமும் அதோடு 11.52 ரூபாயும். பங்க் விலை 101 என்று வைத்துக்கொண்டு 11.52ஐக் கழித்து, மீதியை 113ஆல் வகுத்து 13ஆல் பெருக்குங்கள். 10.29 வரும். டீலர் கமிஷனைக் கழித்துவிட்டுப் போட்டால் சில்லறை கொஞ்சம் குறையும். எல்லாம் சேர்த்து லிட்டருக்குச் சுமார் 43 ரூபாய் வரி. விகிதம் மாறியிருந்தால் புது எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

அந்த 11.52ஐயும் 21.90ஐயும் கவனியுங்கள். இரண்டும் விலையோடு ஏறி இறங்குவதில்லை, நிலைத் தொகை. கச்சா எண்ணெய் விலை விழுந்தாலும் இவை விழாது. 2020 மே மாதம் ஊரடங்கில் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்குக் கிடந்தபோது, மத்திய அரசு பெட்ரோல் கலாலை ஒரே அடியாக 10 ரூபாய் ஏற்றி 32.98க்குக் கொண்டுபோனது. பங்க் போர்டில் விலை அசையவில்லை என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை.

சரி, இப்போது இரண்டு பக்கத்தையும் கிலோமீட்டருக்குக் கொண்டு வருவோம். வலப்பக்கம் சுலபம்: மைலேஜ் 15 என்றால் 43ஐ 15ஆல் வகுக்க 2.87 ரூபாய். மைலேஜுக்குக் கம்பெனிக்காரர் சொல்லும் எண்ணைப் போடாதீர்கள். டேங்க் நிரப்பி, மீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்து வகுங்கள்.

இடப்பக்கத்துக்கு, எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், வருஷத்துக்கு எவ்வளவு ஓடும் என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். தம்பி முதலில் 15,000 என்றான். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடு என்று ஒவ்வொன்றாகக் கூட்டியதில் 5,000தான் வந்தது. 10 வருஷத்துக்கு 50,000 கிலோமீட்டர். 2,79,717ஐ வகுத்தால் கிலோமீட்டருக்கு 5.59. அவன் சொன்ன 15,000 ஓடினால் 1.86 ஆகியிருக்கும்.

கூத்தைப் பார்த்தீர்களா? கொஞ்சமாக ஓட்டுகிறவனுக்குக் கிலோமீட்டருக்கு வரி அதிகம், தினமும் ஊரைச் சுற்றுகிறவனுக்குக் குறைவு. வாங்கும் அன்று கட்டும் வரி, வாங்கலாமா என்றுதான் யோசிக்க வைக்கும். காலையில் சாவியைக் கையில் எடுக்கும்போது அது நினைவிலேயே இருக்காது. ‘அவ்வளவு கட்டியாச்சு, சும்மா நிறுத்தி வைக்கவா?’ என்றுதான் தோன்றும். என் பழைய காரை அப்படித்தான் தெருமுனைப் பால் பூத்துக்கெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே தடவை வரிக்குச் சக்தி இல்லை என்று சொல்லவில்லை. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கார்களுக்குக் கலால் குறைத்தார்கள். 2008இல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4.16 மீட்டர் நீளம். 2012இல் வந்த அடுத்த டிசையர் 3.995 மீட்டர், டிக்கி குட்டையாகிவிட்டது. வரி காரின் வாலை வெட்டியது. ஆனால் எந்தக் காரையும் வீட்டில் உட்கார வைக்கவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் கார் வாங்கவே இல்லை. அங்கே கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும், 10 வருஷத்துக்குத்தான் செல்லும். 1990இல் வந்த முறை. 2025இல் சின்னக் காருக்கே 1 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. அது மட்டும் போதாது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். 1975லேயே நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழைய நாளுக்கு 3 டாலர் சீட்டு வாங்க வைத்தார்கள். 1998 முதல் அது மின்னணுக் கட்டணம். நம் ஊரில் நகரத்துக்குள் ஓட்டுகிறவனை ஓரளவாவது தொடுவது பெட்ரோல் வரி ஒன்றுதான். மின்சாரக் கார் வாங்கினால் அதுவும் இல்லை, ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான்.

கடைசி வேலை, வண்டி எடுப்பதற்கு முன் ஒப்பிடுவது. எங்கள் வீட்டிலிருந்து காந்தி மார்க்கெட் போய் வர 11 கிலோமீட்டர். நகருக்குள் மைலேஜ் 12தான், அதனால் பெட்ரோல் 93 ரூபாய், பார்க்கிங் தனி. என் மனைவி சாதாரண டவுன் பஸ்ஸில் போனால் 2021 மே முதல் டிக்கெட்டே கிடையாது. நான் போனால் சில்லறைக் காசு. இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிய பிறகு மார்க்கெட்டுக்குக் கார் எடுப்பது மழை நாளில் மட்டும் என்றாகிவிட்டது.

இரண்டாவது காருக்கு வேறு ஒரு வகுத்தல் போடுங்கள். 2,79,717ஐ 120 மாதத்தால் வகுத்தால் 2,331. வரி மட்டும் இவ்வளவு. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், தேய்மானம் எதுவும் இதில் இல்லை. தடவைக்கு 150 ரூபாய் என்றால் மாதம் 15 ஆட்டோ சவாரி. தம்பியின் மனைவி விரல் விட்டு எண்ணிவிட்டு, “நமக்கு 12தான் வேணும்” என்றாள்.

ஒரு மாதம் ஒவ்வொரு பயணத்தையும் எழுதிப் பார், அப்புறம் பேசலாம் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினேன். நோட்டு இன்னும் வாங்கவில்லையாம். ஷோரூம்காரர் மட்டும் தினமும் போன் செய்கிறாராம்.