கானிக் ஹில் ஏறப் போறீங்களா? இதைப் பாத்துட்டுப் போங்க

ஸ்காட்லாந்துல லாக் லோமண்ட் ஏரிக்கரையில பால்மஹான்னு ஒரு சின்ன ஊர், அங்க கார் பார்க்லேர்ந்தே கானிக் ஹில்லுக்குப் பாதை ஆரம்பிக்குது. உயரம் வெறும் 361 மீட்டர்தானேன்னு சாதாரணமா நினைக்காதீங்க, காடு தாண்டினதும் கல் படிக்கட்டு, அப்புறம் செங்குத்தான புல் சரிவுன்னு முட்டியைப் பதம் பாத்துடும்.

ஏறுறதை விட இறங்குறதுதான் ஆபத்து. மழை பெஞ்ச புல்லு சோப்பு தடவின மாதிரி வழுக்கும், அதனால தேஞ்சுபோன ஸ்போர்ட்ஸ் ஷூ வேணாம், அடியில நல்லா பல்லு இருக்கற ஷூ போடுங்க, நேரா கீழ இறங்காம குறுக்கும் நெடுக்குமா சின்னச் சின்ன அடியா வாங்க, வாக்கிங் ஸ்டிக் இருந்தா கொஞ்சம் நீளமாக்கிக்கோங்க.

போட்டோ எடுக்கறவங்களுக்கு: உண்மையான உச்சி வரைக்கும் போங்க, ஆனா ஏரி வியூக்கு மேற்குப் பக்கம் இருக்கற சின்ன மேடுகள்தான் பெஸ்ட். அங்கேர்ந்து பாத்தா இன்ச்கைலக், டோரின்ச், கிரீன்ச், இன்ச்முரின்னு தீவுங்க வரிசையா ஒரே கோட்டுல நிக்கும், ஹைலேண்ட் பவுண்டரி ஃபால்ட்ங்கற நிலப்பிளவு அந்த வழியாத்தான் போகுது, மலையும் அதே கோட்டுலதான் இருக்கு. பாதி பேரு செல்ஃபி எடுத்துட்டு இதைக் கவனிக்காமலே இறங்கிடறாங்க!

மேல காத்து பிச்சுக்கும், கோடையிலயும் ஒரு விண்ட்சீட்டர் பையில இருக்கட்டும். மே கடைசியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மிட்ஜ்னு குட்டிப் பூச்சி கடிச்சு எடுக்கும், அதுவும் காத்து இல்லாத சாயங்காலம்னா கேக்கவே வேணாம். புதர்ல உண்ணி இருக்கும், முழு பேன்ட் போடுங்க, ரூமுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னாடி ஒரு தடவை பாத்துக்கோங்க. ஆடு மேயற இடம், நாய் கூட்டிட்டுப் போனா கயித்துலயே புடிச்சுக்கோங்க.