ப்ராஜெக்ட்டுக்கு கமிட்டி போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

சில வருஷம் முன்னாடி ஒரு தனியார் ஆஸ்பத்திரில பில்லிங் சாஃப்ட்வேர் மாத்துற வேலை எனக்கு வந்துச்சு. அதுவரைக்கும் ஐடி கம்பெனில பிஎம்ஓ (ப்ராஜெக்ட்டுகளை மேற்பார்வை பாக்குற ஆபீஸ்) வேலை பார்த்தவன் நான், அதனால அங்க இருந்த கவர்னன்ஸ் சார்ட்டை, அதாவது யாரு எதுக்கு முடிவு எடுக்கணும்னு காட்டுற படத்தை, அப்படியே தூக்கிட்டு வந்து பேரை மட்டும் மாத்திப் போட்டுட்டேன். மேல இருந்து முடிவு எடுக்கிற ஸ்டியரிங் கமிட்டில 14 பேர், அதுக்குக் கீழ மூணு குரூப், மாசாமாசம் மீட்டிங், பிபிடி, டீ, பிஸ்கட். பழைய சாஃப்ட்வேர்ல பாக்கி நிக்கிற பேஷண்ட் கணக்கை புதுசுக்குக் கொண்டு வரணுமா, இல்ல பழசுலயே வசூல் பண்ணி முடிச்சிடலாமான்னு ஒரே ஒரு கேள்வி, அதுக்கு பதில் வர அஞ்சு வாரம் ஆச்சு. கடைசில முடிவு சொன்னது அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு சீனியர் மேடம், அவங்க பேரு என் சார்ட்லயே இல்ல. 14 பேரும் அவங்க வாயைத்தான் பார்த்துட்டு இருந்திருக்காங்க, அது எனக்கு மட்டும்தான் தெரியல.

அதுக்கப்புறம் எந்த வேலைக்குப் போனாலும் சார்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு கேள்விக்கு பதில் எழுதிடுவேன். பணத்துக்கு கையெழுத்து போடுறது யாரு? யாரு "நிறுத்து"ன்னு சொன்னா வேலை நிஜமாவே நிக்கும்? நடுவுல இருக்கிற ப்ராஜெக்ட் மேனேஜர் யாரையும் கேக்காம எவ்வளவு தூரம் போலாம்? இந்த மூணும் ஒவ்வொரு தொழில்லயும் வேற வேற இடத்துல உக்காந்திருக்கும், அதைப் பார்க்காம ஒரு தொழிலோட சார்ட்டை இன்னொண்ணுல ஒட்டுனா நான் பட்ட பாடுதான்.

முதல்ல கட்டுமானம். அங்க பணம்தான் எல்லாம், அதனால வேலை செய்யறவன் ஒருத்தன், அளக்கறவன் இன்னொருத்தன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. பொதுப்பணித்துறை வேலைல எம்-புக்னு ஒரு அளவுப் புத்தகம் இருக்கும், ஏஇ (உதவிப் பொறியாளர்) சைட்ல போய் அளந்து அதுல எழுதுவாரு, ஏஇஇ (உதவி செயற்பொறியாளர்) அதை சரிபார்த்து கையெழுத்து போடுவாரு, அதுக்கப்புறம்தான் ஈஇ (செயற்பொறியாளர்) கிட்ட பில் பாஸாகும். சர்வதேச கான்ட்ராக்ட்ல ஓடுற ஃபிடிக்னு ஒரு மாதிரி ஒப்பந்தப் புத்தகத்துலயும் இதே கதைதான், ஓனர், கான்ட்ராக்டர், நடுவுல இன்ஜினியர். அந்த இன்ஜினியருக்கு சம்பளம் கொடுக்கறதே ஓனர்தானே, அவரு எப்படி நடுநிலையா இருப்பாருன்னு கேக்குறீங்களா, கரெக்ட், அதனாலதான் 1999 பதிப்புல தகராறு தீர்க்க தனியா ஒரு போர்டு வச்சாங்க. நம்ம ஊரு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டமும் (2016) இதே புத்திதான். வீடு புக் பண்றவங்க கிட்ட வாங்குற பணத்துல 70 சதவீதம் தனி அக்கவுண்ட்ல இருக்கணும், அதை எடுக்கணும்னா வேலை இவ்வளவு முடிஞ்சிருக்குன்னு இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் மூணு பேரும் சர்டிபிகேட் தரணும். நீங்க சாஃப்ட்வேர் ஆளா இருந்தாலும் இங்க இருந்து எடுத்துக்க ஒண்ணு இருக்கு. வெண்டர் "80 சதவீதம் முடிஞ்சிருச்சு"ன்னு சொன்னா அந்த 80-ஐ அளந்தது யாருன்னு கேளுங்க. வெண்டரே அளந்ததுன்னா அந்த நம்பருக்கு மதிப்பு கிடையாது.

மருந்து சோதனைல கதை தலைகீழ். அங்க நிறுத்துற அதிகாரத்தை பணம் போடுற ஸ்பான்சர் கிட்ட மட்டும் விட்டு வைக்க மாட்டாங்க. சோதனைக்கு வர்றவங்க பாதுகாப்பைப் பாக்குற எத்திக்ஸ் கமிட்டி தனி, பெரிய ட்ரையல்னா டேட்டாவைப் பார்க்க தனி சேஃப்டி போர்டு வேற இருக்கும். 2019 விதிப்படி நம்ம நாட்டுல எத்திக்ஸ் கமிட்டில குறைஞ்சது 7 பேர் வேணும், அதுல டாக்டர் இல்லாத சாதாரண ஆள் ஒருத்தரும் இருக்கணும். யாருக்காவது சீரியஸா ஏதாவது ஆச்சுன்னா சோதனை நடத்துற டாக்டர் 24 மணி நேரத்துக்குள்ள அரசு அதிகாரி, ஸ்பான்சர், எத்திக்ஸ் கமிட்டி மூணு பேருக்கும் சொல்லணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த "மூணு பேருக்கும்"தான். மேனேஜர் கிட்ட சொல்லி, அவரு அவங்க மேனேஜர் கிட்ட சொல்லி, நடுவுல யாரோ ஒருத்தர் "கொஞ்சம் வெயிட் பண்ணலாமே"ன்னு அமுக்குற வேலைக்கே இடம் இல்ல. 2020 செப்டம்பர்ல உலகமே கொரோனா தடுப்பூசிக்கு காத்துக் கிடந்தப்ப, ஒரே ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லாம போச்சுன்னு அஸ்ட்ராஜெனெகா ட்ரையலை நிறுத்தி வச்சு தனி குழுவை விட்டு பார்த்தாங்க.

ராக்கெட் விடறவங்க கிட்ட கத்துக்க வேண்டியது நிறைய. 1986 ஜனவரில சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 செகண்ட்ல வெடிச்சுச்சு. முந்தின ராத்திரி போன் மீட்டிங்ல பூஸ்டர் செஞ்ச கம்பெனியோட இன்ஜினியர்கள் "இவ்வளவு குளிர்ல ரப்பர் வளையம் வேலை செய்யாது, விடாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. நாசா அதிகாரிங்க அதிருப்தி காட்டினதும் கம்பெனி மேனேஜ்மென்ட் தனியா பேசி முடிவை மாத்திட்டாங்க. அதை விடக் கொடுமை, மறுநாள் கடைசியா ஓகே சொன்ன பெரிய ஆளுங்களுக்கு இப்படி ஒரு சண்டை நடந்ததே தெரியாது. மறுப்பு இருந்துச்சு, அது மேல போற வழிதான் இல்ல.

நம்ம பக்கம் 1979 ஆகஸ்ட் 10, இஸ்ரோவோட எஸ்எல்வி-3 ராக்கெட். கிளம்பறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் நிறுத்துச்சு, மிஷன் டைரக்டரா இருந்த கலாம் நிபுணர்களைக் கேட்டுட்டு கம்ப்யூட்டரைத் தாண்டி விட்டாரு, ராக்கெட் கடல்ல விழுந்துச்சு, இதை அவரே பல மேடைல சொல்லியிருக்காரு. எல்லாரும் இதுல அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பிரஸ் மீட்ல பழியை ஏத்துக்கிட்ட பகுதியை மட்டும் சொல்லுவாங்க, அது பெரிய விஷயம்தான். ஆனா கவர்னன்ஸ் கண்ணுல பார்த்தா வேற ஒண்ணு தெரியும், பல வருஷம் உசுரைக் கொடுத்து உருவாக்குன ஆள் கிட்டயே "விடலாமா வேணாமா"ன்னு கேட்டா அவரு எப்படிங்க வேணாம்னு சொல்லுவாரு? இப்ப இஸ்ரோல லான்ச் ஆதரைசேஷன் போர்டுனு ஒண்ணு கூடி ஓகே சொன்னாதான் கவுண்ட்டவுன். அதுக்கப்புறமும் நிறுத்த முடியும், 2019 ஜூலைல சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிஷம் இருக்கறப்ப நிறுத்திட்டு ஒரு வாரம் கழிச்சு விட்டாங்க.

பேங்க் ஐடி பத்தி சுருக்கமா. 2018 ஏப்ரல்ல இங்கிலாந்து டிஎஸ்பி பேங்க் ஒரே வாரக்கடைசில மொத்த கஸ்டமரையும் புது சிஸ்டத்துக்கு மாத்தி, 19 லட்சம் பேர் வரைக்கும் அக்கவுண்ட்டுக்குள்ளயே போக முடியாம தவிச்சாங்க. அங்க போர்டு இருந்துச்சு, ரிப்போர்ட் இருந்துச்சு. "ப்ளான் ஏற்கனவே ஒரு தடவை தள்ளிப் போச்சே, இந்த புது தேதி மட்டும் எப்படி சரியா வரும்"னு போர்டு அழுத்திக் கேக்கலன்னு பின்னாடி வந்த விசாரணை அறிக்கை சொல்லுச்சு. அபராதம் 4.86 கோடி பவுண்டு, அது போக சிஐஓ (ஐடி தலைவர்) மேல தனியா ஒரு அபராதம். நம்ம ரிசர்வ் பேங்க் 2024 ஏப்ரல்ல இருந்து கொண்டு வந்த விதில தகவல் பாதுகாப்பு பாக்குற அதிகாரி ஐடி தலைவருக்குக் கீழ இருக்கக்கூடாதுன்னு போட்டிருக்காங்க. குறை சொல்ல வேண்டியவனுக்கு குறை இருக்கிறவனே அப்ரைசல் போடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

ஓனர் ஒண்ணுக்கு மேல இருந்தா இன்னும் சிக்கல். பெர்லின் புது ஏர்போர்ட்ல பெர்லினுக்கு 37, பிராண்டன்பர்க்குக்கு 37, மத்திய அரசுக்கு 26 சதவீதம். அப்ப மேற்பார்வை போர்டுக்கு தலைவரா இருந்தது பெர்லின் மேயர். மொத்தத்தையும் ஒரே கான்ட்ராக்டர் கிட்ட கொடுத்தா காசு ஜாஸ்தின்னு வேலையைத் துண்டு துண்டா பிரிச்சு விட்டாங்க, அதெல்லாம் ஒண்ணா சேர்க்கிற பாரம் அந்த ஏர்போர்ட் கம்பெனி தலைலயே விழுந்துச்சு. 2012 ஜூன் 3 திறப்பு விழான்னு அறிவிச்சுட்டு நாலு வாரம்கூட இல்லாதப்ப தீயணைப்பு சிஸ்டம் சரியில்லன்னு தள்ளி வச்சாங்க, திறந்தது 2020 அக்டோபர் 31. நம்ம சென்னை மெட்ரோ கம்பெனியும் மத்திய அரசும் மாநில அரசும் பாதி பாதி வச்சிருக்கிறதுதான், இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்தது 2024 அக்டோபர்ல, வேலையோ அதுக்கு முன்னாடியே மாநில அரசு பொறுப்புல ஓடிட்டு இருந்துச்சு. கூட்டு ப்ராஜெக்ட்ல இறங்குறீங்கன்னா "நாம ரெண்டு பேரும் ஒத்துக்கலன்னா யாரு முடிவு சொல்றது, எத்தனை நாள்ல"ன்னு கை குலுக்குற அன்னிக்கே எழுதிடுங்க, சண்டை வந்தப்புறம் அந்த வரியை யாரும் எழுத விட மாட்டாங்க.

பணமே இல்லாத இடத்துலயும் இது உண்டு. பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்குன குய்டோ 2018 ஜூலைல முடிவெடுக்கிற பொறுப்புல இருந்து விலகுனதும், 5 பேர் கவுன்சிலைத் தேர்தல் வச்சு எடுத்தாங்க, ஒரே கம்பெனில வேலை பாக்குறவங்க ரெண்டு பேருக்கு மேல அதுல இருக்கக்கூடாது. அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் வேலைக்குக்கூட இந்த ரூலை எடுத்துக்கலாம், ஒரே பிளாக் ஆளுங்க ரெண்டு பேருக்கு மேல வேணாம்.

சரி, இப்ப நம்ம சைஸ் ப்ராஜெக்ட்டுக்கு எப்படி போடறது. ப்ராஜெக்ட் நடத்துறதுக்கு இருக்கிற பிரின்ஸ்2 முறைல மேல மூணு நாற்காலிதான்: பணத்துக்கு பதில் சொல்றவர் (நம்ம ஆபீஸ் பாஷைல ஸ்பான்சர்), அதை வச்சு வேலை பார்க்கப் போறவங்களோட ஆள், செஞ்சு கொடுக்கிறவங்களோட ஆள். முதல் நாற்காலில ஒரே ஒருத்தர்தான், "ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்குவாங்க"ன்னா யாரும் பாத்துக்க மாட்டாங்க. மொத்தம் அஞ்சு பேரைத் தாண்டாதீங்க, மரியாதைக்காக உக்கார வைக்கணும்னா அவங்களுக்கு மினிட்ஸ் (மீட்டிங் குறிப்பு) மட்டும் அனுப்புங்க. இவங்க போக, வேலையை நிறுத்தற அதிகாரம் உள்ள ஆள் ஒருத்தர் தனியா, டெலிவரி தேதியால போனஸோ பேரோ கிடைக்காதவரா இருக்கணும்.

அப்புறம் மேனேஜர் எல்லை, நம்பர்ல. என் ஆஸ்பத்திரி பில்லிங் மாதிரி ஒரு 40 லட்சம் ப்ராஜெக்ட்னா, 2 லட்சம் வரைக்கும் கூடுதல் செலவும் பத்து வேலை நாள் வரைக்கும் தாமதமும் மேனேஜரே முடிவு பண்ணலாம். சாஃப்ட்வேர்ல வர வேண்டிய ரிப்போர்ட்ல ரெண்டு மூணை அவரே குறைச்சுக்கலாம், இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஃபைல் பக்கம் கை வைக்கக்கூடாது. இதைத் தாண்டப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே, தாண்டினப்புறம் இல்ல, ரெண்டு நாளைக்குள்ள மேல சொல்லணும், மேல இருக்கிறவங்க மூணு நாள்ல பதில் சொல்லணும். பதில் வரலன்னா மேனேஜர் பரிந்துரைச்சதே முடிவுன்னு எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, அப்புறம் பாருங்க எவ்வளவு வேகமா போன் வருதுன்னு.

பிபிடியை விட டிசிஷன் லாக்தான், அதாவது எடுத்த முடிவுகளை வரிசையா எழுதி வைக்கிற பட்டியல்தான், உசுரு. ஆஸ்பத்திரி ப்ராஜெக்ட்ல பாதில திருத்திக்கிட்டு ஆரம்பிச்ச லாக்ல 17-வது வரி இன்னும் ஞாபகம் இருக்கு: "டிஸ்சார்ஜ்ல ஃபார்மசி பில் தனியாவா, ஒண்ணாவா? முடிவு: ஒண்ணா. எடுத்தது: ஸ்பான்சர். மறுத்தது: நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், ராத்திரி டிஸ்சார்ஜ் லேட் ஆகும்." ரெண்டு மாசம் கழிச்சு ராத்திரி கவுண்டர்ல கூட்டம் நின்னப்ப யாரு சொன்னது, யாரு கேக்கலன்னு சண்டை வரல, அந்த வரியைத் திறந்து பார்த்துட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல மட்டும் தனி பில்னு மாத்திட்டோம். மறுத்தவங்க பேரையும் காரணத்தையும் எழுதற அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுடாதீங்க, பலரும் மினிட்ஸ்ல "ஏகமனதாக"ன்னு போட்டு முடிச்சிடறாங்க.

இன்னொண்ணு, கமிட்டியைக் கலைக்கிற தேதியையும் முதல் நாளே போட்டுடுங்க. நான் போடல. புது சாஃப்ட்வேர் ஓட ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆச்சு, அந்த மாசாந்திர மீட்டிங் இன்னும் நடக்குதாம், இப்ப அதுல கேன்டீன் கூப்பன் பிரச்சனை ஓடிட்டு இருக்குன்னு கேள்விப்பட்டேன்.