தவறு எங்கே நிகழ்கிறது என்று பார்த்து வடிவமைப்பது எப்படி?

கருவியைக் கையாளுகிறவர் தவறு செய்தால், அந்தத் தவறுக்கு இடம்கொடுத்தது வடிவமைப்பில் எது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, பி-17 விமானத்தைத் தரையிறக்கிய விமானிகள் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புகளுக்கான (flaps) விசை என்று எண்ணிச் சக்கரத்தை உள்ளிழுக்கும் விசையை இயக்கிய விபத்துகளை ஆராய்ந்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ், விமானிகளைக் குறை கூறவில்லை. ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்த அவ்விரு விசைகளில் ஒன்றுக்குச் சிறு சக்கரத்தையும் மற்றொன்றுக்கு ஆப்பு வடிவத்தையும் பொருத்தி, தொட்டாலே வேறுபாடு தெரியும்படி செய்தார்.

இத்தகைய தீர்வை எட்டுவதற்குப் பணிப் பகுப்பாய்விலிருந்து தொடங்குங்கள். 1967இல் ஆனெட்டும் டங்கனும் முன்வைத்த படிநிலை முறையில், ஓர் இலக்கைத் துணை இலக்குகளாகப் பிரித்து, அவை எந்த வரிசையில், எந்த நிபந்தனையில் நிகழ்கின்றன என்று எழுத வேண்டும். நோயாளிக்குச் சீரான வேகத்தில் மருந்து செலுத்தும் பம்ப்பை எடுத்துக்கொண்டால், ‘வேகத்தை உள்ளிடுதல்’ ஒரு துணை இலக்கு. அதைச் செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும், அது திரையில் எங்கே தெரிகிறது, பிழை நேர்ந்தால் எப்படிப் புலப்படும் என்று ஒவ்வொரு படியிலும் கேளுங்கள். பிழைக்கான வாய்ப்பும் அதன் விளைவும் சேர்ந்து பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் குறையும் இடத்தில் பிரிப்பதை நிறுத்திவிடலாம். மேசையில் அமர்ந்து ஊகித்து எழுதும் பகுப்பாய்வு பெரும்பாலும் பயனற்றது. பணி நடக்கும் இடத்துக்கே சென்று பாருங்கள்.

முன்மாதிரி தயாரானதும், நீல்சனும் மோலிக்கும் 1990இல் விவரித்த நெறிவழி மதிப்பீட்டை, அதாவது நல்ல வடிவமைப்புக்கான பொது நெறிகளோடு ஒப்பிட்டுக் குறை காணும் முறையை, செய்யலாம். மூன்று முதல் ஐந்து மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே குறிப்புகளை ஒன்றுசேர்க்க வேண்டும். இது வெளிப்படையான குறைகளை விரைவில் நீக்கிவிடும். ஆனாலும் உண்மைப் பயனரைக் கவனிப்பதற்கு இது ஒருபோதும் ஈடாகாது.

அந்தக் கவனிப்புக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பணியைச் சொல்லும்போது திரையில் உள்ள சொற்களைப் பயன்படுத்தாதீர்கள். ‘இந்த நோயாளிக்கு மணிக்கு 5.5 மில்லிலிட்டர் செல்ல வேண்டும்’ என்றால் போதும், எந்தப் பொத்தான் என்பதைப் பம்ப்பைக் கையாளும் செவிலியரே தேடட்டும். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர் மௌனமானால் ‘தொடர்ந்து பேசுங்கள்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதீர்கள். புள்ளி விசை சரியாக அழுந்தாமல் திரையில் 55 என்று பதிந்திருக்கலாம். செவிலியரின் பார்வை விசைகளிலேயே இருந்தால், அவர் அதைக் காணாமலே தொடங்கும் பொத்தானை அழுத்திவிடுவார். அந்த நொடியில் குறுக்கிடாமல், பார்வை எங்கே இருந்தது, பிழையை உணர்ந்தாரா, உணர்ந்தால் எதைக் கண்டு உணர்ந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்தத்துக்கான வழி அந்தக் குறிப்பிலேயே கிடைக்கும்: புள்ளிக்குப் பின்வரும் இலக்கத்தைச் சிறிதாகக் காட்டலாம், வழக்கமான அளவை மீறும் வேகத்துக்கு எச்சரிக்கை தரலாம். ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் வந்தாலே பெரிய குறைகள் பல தெரிந்துவிடும். திருத்திய பிறகு வேறு ஐந்து பேரிடம் மறுபடி சோதியுங்கள்.

அளவீடு வேறு வேலை; அதற்கு ஐந்து பேர் போதாது. வாய்விட்டுப் பேசுவது வேகத்தைப் பாதிக்கும் என்பதால் நேரக் கணக்கைத் தனிச் சோதனையில் எடுக்க வேண்டும். பயன்பாட்டு எளிமை பற்றிய ஐ.எஸ்.ஓ 9241-11 தரநிலை செயல்நிறைவு (இலக்கை எட்டுவது), செயல்திறன் (அதற்குச் செலவாகும் நேரமும் முயற்சியும்), மனநிறைவு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. மனநிறைவை அறிய ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்.யு.எஸ் (System Usability Scale) வினாத்தாள் உதவும்; அதில் ஒவ்வொரு கூற்றுக்கும் பயனர் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பைக் குறிப்பார். அதன் பத்துக் கூற்றுகளில் ஒற்றைப்படை எண் கொண்டவற்றின் மதிப்பிலிருந்து 1ஐக் கழித்து, இரட்டைப்படை எண் கொண்டவற்றின் மதிப்பை 5இலிருந்து கழித்து, கூட்டுத்தொகையை 2.5ஆல் பெருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 3 என்று குறித்தவரின் மதிப்பெண் 50 ஆகும். இதைச் சதவீதமாகப் படிக்கக் கூடாது. பணிச்சுமையை அறிய வேண்டுமானால், பணி முடிந்த உடனேயே ஆறு கூறுகள் கொண்ட நாசா டி.எல்.எக்ஸ் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.

அறிக்கையில் பயனர் உணராமலே போன பிழைகளை மதிப்பெண்களோடு கலக்காமல் முதல் பக்கத்தில் தனியே எழுதுங்கள். எஸ்.யு.எஸ் 90 வந்திருந்தாலும், பத்து மடங்கு வேகம் யார் கண்ணிலும் படாமல் ஏற்கப்படும் பம்ப்பை வெளியிடக் கூடாது.