ரெண்டு கொம்பும் சரியா இருக்கணும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் வரையாட்டுக்காக நிதி திரட்ட ஒரு ஓட்டம் நடத்துகிறீர்கள், டி-சர்ட், போஸ்டர், பதக்கம் எல்லாவற்றின் டிசைனும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒன்று: 'மலை ஆடு' என்று இணையத்தில் தேடி, மேலே வருகிற படத்தை அப்படியே எடுக்காதீர்கள். அது ஐரோப்பாவின் ஐபெக்ஸ் என்ற காட்டாடாக இருக்கலாம். நீளக் கொம்பு, கொம்பு முழுக்கக் கணுக்கணுவாகப் புடைப்பு, கீழே தாடி. நம் வரையாட்டுக்குத் தாடியே கிடையாது. கொம்பு குட்டையாகப் பின்பக்கம் வளைந்திருக்கும், பெட்டைக்கும் உண்டு, கொஞ்சம் மெலிதாக. வளர்ந்த கிடாவின் முதுகில் வெள்ளி பூசினது போல ஒரு திட்டு இருக்குமே, லோகோவுக்கு அதுதான் உயிர். கரும்பழுப்பு உருவம், முதுகில் ஒரு வெளிர் பட்டை, இரண்டே நிறம், போதும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் என்பதால் நிறம் கூடக்கூடச் செலவும் கூடும்.

வரைந்ததும் அதை வாட்ஸ்அப் டிபி அளவுக்குச் சுருக்கி, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். "பிரியாணிக் கடையா?" என்று கேட்டால் திரும்ப வரைய வேண்டியதுதான்.

அடுத்தது எழுத்துக் கொம்பு. ஆட்டுக் கொம்பைவிட இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். 'வரையாடு' என்பதில் இணைக்கொம்பு ர-வுக்கு முன்னால் நிற்க வேண்டும், ஆனால் சில டிசைன் மென்பொருளில் இந்திய மொழி அமைப்பை மாற்றாமல் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் அது பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை நாங்கள் 300 சட்டை அப்படித்தான் அடித்து வாங்கினோம், அச்சகத்துக்காரருக்குத் தமிழ் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஆனாலும் சட்டை கைக்கு வரும்வரை ஒருத்தர் கண்ணிலும் படவில்லை! அதனால் எழுத்தைக் கர்வ் ஆக்கிவிட்டு, அதாவது எழுத்துருவாக இல்லாமல் படமாக மாற்றிவிட்டுக் கொடுங்கள், அப்புறம் மாதிரிக்கு ஒரு சட்டையை அடித்துக் கையில் வாங்கிப் படித்துப் பார்த்த பிறகே மீதிக்குச் சரி சொல்லுங்கள்.

தேதிக்கு அக்டோபர் 7-ஐ ஒட்டிய ஞாயிறு நல்லது. அந்த 7-ஆம் தேதிதான் வரையாடு தினம், விளம்பரத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். வரையாடு நம் மாநில விலங்கு என்பதே பலருக்குத் தெரியாது, போஸ்டரில் அந்த ஒரு வரி வேலை செய்யும். அதற்குக் கீழேயே, கட்டணத்தில் எத்தனை ரூபாய் வரையாட்டுக்குப் போகிறது, யார் கையில் போகிறது என்பதையும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். பணம் கட்டுகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

ஆட்டுக்குக் கையால் தீனி கொடுக்கிற படம், கட்டிப்பிடித்து செல்ஃபி, இதெல்லாம் எவ்வளவு லைக் வாங்கினாலும் வேண்டாம். பார்த்தவர் அடுத்த வாரமே வரையாடு தென்படுகிற வால்பாறை ரோட்டில் காரை நிறுத்திவிட்டு பிஸ்கட் நீட்டுவார்.

ஸ்பான்சர்கள் முன்பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். முன்பக்கம் ஆட்டுக்கு, முதுகுப்பக்கம் அவர்களுக்கு என்று பணம் வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

பேனருக்கு பிளெக்ஸ் வேண்டாம், காட்டுயிருக்காக ஓடிவிட்டுக் குப்பையைச் சேர்த்தால் ஊர் சிரிக்கும். காடாத் துணியில் அடித்து, தேதியை மட்டும் தனித் துண்டில் எழுதித் தைத்துக்கொண்டால் அடுத்த வருஷமும் அதே பேனரைக் கட்டலாம்.