கிறிஸ்தவக் கல்லூரியில் லத்தீனோ மாணவர்களுக்குத் துணை நிற்பது எப்படி?

பல அமெரிக்கக் கல்லூரிகளில் ஆகஸ்டில்தான் வகுப்பு தொடங்கும். ஆனால் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களுக்குத் துணை நிற்கும் வேலையைக் கல்லூரி ஊழியர்கள் ஜூலையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.

முதலில் பெயர். லத்தீனோ மாணவர் பலருக்குத் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. 'கார்சியா லோபெஸ்' என்பவர் சேர்க்கைப் படிவத்தில் லோபெஸ் என்றும், ஃபாஃப்சா என்னும் கூட்டாட்சி அரசின் நிதியுதவி விண்ணப்பத்தில் கார்சியா என்றும் பதிவானால் இரண்டு கோப்புகளும் ஒன்று சேராமல் பணம் நின்றுவிடும். அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண் அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது பெற்றோரின் ஆவணங்கள். மாணவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால், பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டாலும் ஃபாஃப்சா நிரப்பலாம். ஆனால் விவரம் கொடுக்கவே அஞ்சும் குடும்பங்கள் உண்டு. வற்புறுத்தாதீர்கள். எந்தத் தகவல் எங்கே போகிறது என்று விளக்கி, முடிவை அவர்களிடமே விடுங்கள். சட்டக் கேள்வி எழுந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். மாணவருக்கே குடியேற்ற ஆவணம் இல்லையென்றால் கூட்டாட்சி நிதியுதவி கிடைக்காது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மாநில நிதியுதவிக்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது.

பெற்றோருக்கான அறிமுக நாளைச் சனிக்கிழமை பிற்பகலில் வையுங்கள். வார நாளில் வைத்தால் ஒரு நாள் கூலி போகும். தம்பி தங்கைகளும் பாட்டியும் வருவார்கள், நாற்காலி போதுமான அளவு போடுங்கள். ஸ்பானிய மொழியில் பேசச் சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்துங்கள். எந்த மாணவர் அகப்படுகிறாரோ அவரை மொழிபெயர்க்க இழுப்பது தவறு. அவருக்கு ஸ்பானியம் தெரியாமலும் இருக்கலாம். 1974-இல் வந்த, மாணவர் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி, மாணவரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் கல்லூரி பொதுவாக மதிப்பெண்களைப் பெற்றோருக்குச் சொல்லாது. இதை அன்றே விளக்காவிட்டால், பின்னால் போன் செய்யும் தாய்க்குக் கல்லூரி எதையோ மறைப்பதாகத்தான் தோன்றும்.

மாணவத் தலைவர்களின் வேலை வேறு: கூட இருப்பது, விசாரிப்பது, சரியான அலுவலகத்துக்கு அழைத்துப்போவது. குடியேற்ற நிலையை அவர்கள் ஒருபோதும் கேட்கக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. விடுதித் தலைவர் போன்ற பொறுப்பில் இருப்பவர் சில விஷயங்களைக் கல்லூரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டியிருக்கும். இந்த உழைப்புக்கு ஊதியம் கொடுங்கள். இல்லையென்றால் வேலைக்குப் போய்ப் படிக்கும் லத்தீனோ மாணவர் யாரும் அந்தப் பொறுப்புக்கு வர முடியாது.

வழிபாட்டில்தான் நல்ல மனதுள்ள கல்லூரிகளும் அதிகம் சறுக்குகின்றன. லத்தீனோ என்றால் கத்தோலிக்கர் என்று நினைத்துவிடுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்களிடம் மெக்சிகோ கத்தோலிக்கர் போற்றும் மரியாளான குவாதலூப்பே அன்னையின் படத்தை நீட்டினால் சங்கடப்படுவார்கள். பல சுவிசேஷ (இவாஞ்சலிக்கல் புராட்டஸ்டன்ட்) கல்லூரிகளில் காலை ஆராதனைக்கு வருகைக் கணக்கு உண்டு. வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர் அதைத் தவறவிட்டு அபராதம் கட்டுகிறார். அதே மாணவர் ஞாயிற்றுக்கிழமை தம் சபையில் கித்தார் வாசிக்கிறார், சிறுவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறார். போதகரோ பங்குத்தந்தையோ தரும் கடிதத்தை ஏற்று அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். அந்தச் சபை அவரைப் படிப்பிலிருந்து இழுப்பதாகக் கருதாதீர்கள். அவர் தளரும்போது முதலில் தேடிப் போவது அங்கேதான்.

டிசம்பர் 12 குவாதலூப்பே திருநாள். 16 முதல் 24 வரை, மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடியதை நினைவுகூரும் லாஸ் போசாதாஸ் கொண்டாட்டம். குவாதலூப்பே திருநாள் பெரும்பாலும் பருவத் தேர்வு வாரத்தில் வந்து விழும். முந்தைய இரவே தொடங்கிவிடும் குடும்பக் கொண்டாட்டத்துக்குப் பிறகு காலை எட்டு மணித் தேர்வு எழுதுவது கடினம். ஆகவே செப்டம்பரிலேயே பேராசிரியர்களிடம் பேசித் தேர்வு நேரத்தை மாற்ற வழி கேளுங்கள்.

அடுத்த பருவப் பதிவு திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, பாக்கித் தொகைக்காகப் பதிவு தடுக்கப்பட்டவர்களின் பட்டியலை எடுங்கள். மின்னஞ்சலோடு நிறுத்தாமல் போனில் கூப்பிடுங்கள். சில நூறு டாலர்தான் பாக்கி என்றால், அவசர உதவி நிதியிலிருந்து அன்றே கட்டி, தடையை நீக்கிப் பதிவு செய்ய வையுங்கள்.